உம் கொட்ட ஒரு ஆள்

“அப்பா, வாய மூடுங்க. டாக்டர் கேக்குறது அம்மாவத்தான்.”

சொல்லிவிட்டாள். கே.கே. நகரில் பத்துப் படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நர்ஸ் ஒருத்தி பிபி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யார் கையில் கட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்ற நேரத்தில், இருபத்து மூன்று வயதுவரை தொண்டையிலேயே வைத்திருந்ததை ரோகிணி துப்பிவிட்டாள்.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா ஒச்சம்மாள் போட்டிருந்த ஒரே தடை அதுதான். “அப்பாகிட்ட என்ன வேணாலும் கேளு. பாவாட கேளு, டூர் போகணும்னு கேளு, காலேசுல சேத்துவிடுங்கன்னு கேளு. அவரு பேசுறப்ப மட்டும் நிப்பாட்டுங்கன்னு கேட்டுறாத. அந்த மனுசனுக்கு இருக்கிற பிடிமானமே அதுதான்.”

அன்று விடியும்போது குழாயடியில் தலைசுற்றி விழுந்தவள் ஒச்சம்மாள். நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரோ முத்திருளன். “எங்க வலிக்குதும்மா?” என்று டாக்டர் ஹம்சவேணி கேட்டதற்கு, “எங்கங்க வலிக்கல? போச்சு டாக்டரம்மா, எல்லாம் போச்சு. இவ விழுந்ததுல காலையில காப்பி போச்சு. காப்பி குடிக்காம சக்கர மாத்திரையப் போட்டா எனக்கு நெஞ்சு எரியும். இந்தா, இந்த மொழங்கால வேற பாருங்க” என்று வேட்டியைத் தொடைவரை தூக்கியிருந்தார். பின்னால் ஒச்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முழங்காலை டாக்டர் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

மகள் சொன்னதும் முத்திருளனின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு எழுந்தார். “கேட்டுக்கிட்டீங்களா டாக்டரம்மா? படிக்க வச்சதுக்குக் கெடைச்ச மரியாத” என்று சொல்லி வெளியே போனார். கதவு சாத்துவதற்குள், வராந்தா பெஞ்சில் யாரோ ஒரு ஆளிடம், “போச்சுங்கய்யா, பெத்த புள்ளையே…” என்று ஆரம்பித்துவிட்டார். அந்த ஆளும், பாவம், “ம்” என்றான்.

போச்சு. அந்த வீட்டில் பொழுது அந்தச் சொல்லில்தான் விடியும். பால்காரன் லேட்டாக வந்தால் போச்சு. மழை பெய்தால் போச்சு, பெய்யாவிட்டாலும் போச்சு. பரவை மார்க்கெட்டில் மொத்தக் கடை ஒன்றில் எடை போடும் வேலையில் இருந்தவர், முதலாளி தம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்று விட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து முதலாளி, அதற்கு முன்னால் கிணற்றடி வயலை எடுத்துக்கொண்ட அண்ணன், அதற்கும் முன்னால் கல்யாணப் பந்தியில் தம்மைக் கவனிக்காமல் விட்ட மச்சான் என்று ஒவ்வொருவராக வரிசை கட்டி வருவார்கள். ரோகிணி பி.காம். முதல் வகுப்பில் தேறிய அன்று, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கிய அன்று, தெருவே வந்து மிட்டாய் தின்றுகொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: “போச்சு. இனி இவளுக்கு டிகிரி படிச்ச மாப்பிள்ளையில்ல தேடணும்.”

அத்தனைக்கும் ஒச்சம்மாள் உம் கொட்டினாள். இட்லி ஊற்றிக்கொண்டே, துணி அலசிக்கொண்டே, பல்வலியோடு கன்னத்தைப் பொத்திக்கொண்டே. ஒரு ‘ம்’ குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். “கேக்குறியா இல்லையாடி? சொவத்துக்கிட்டயா பேசுறேன்?” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் உடம்பையும் அது சும்மா விடவில்லை. முதலாளி கதை வரும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், சாப்பிட்டது நெஞ்சுக்கு ஏறும், அன்று மாத்திரை ஒன்று கூடும். ஆனாலும் மறுநாள் காலையில் முதலாளியைத் திரும்ப அழைத்து வந்து நடுவீட்டில் உட்காரவைத்துவிடுவார்.

டாக்டர் ஒச்சம்மாள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகம் மாறியது.

“தலைவலி எம்புட்டு நாளா இருக்கும்மா?”

ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்பது அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. “அது கெடக்குதுங்க… ரோகிணி பத்தாப்பு படிக்கிறப்ப இருந்து.”

“ஏம்மா வீட்டுல சொல்லல?”

“அவுகளுக்கே ஆயிரம் வலி. இதுல நான் வேறயா?”

ரோகிணிக்குக் கண்ணுக்குள் எரிந்தது. அழுகை இல்லை அது. எட்டு வருஷம் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தலை வலிப்பது தெரியாமல் இருந்திருக்கிறாள். அந்த வீட்டில் ‘வலிக்குது’ என்ற வார்த்தையை அப்பா முழுசாக எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்கவில்லை.

அட்மிட் பண்ணச் சொன்னார்கள். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் ரோகிணியைக் கூப்பிட்டார். “ஹார்ட்டு வீங்க ஆரம்பிச்சிருக்கு. பிபிய இப்பவே இறக்கலேன்னா அடுத்த தடவ குழாயடியில விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க. மாத்திர தாரேன். ஆனா மாத்திர பாதிதான். அவங்களுக்குத் தூக்கம் வேணும், அமைதி வேணும். கொறஞ்சது ஒரு ரெண்டு மாசம்.”

ரோகிணி நேராகவே கேட்டாள். “டாக்டர், ஒரு ஆளு பொலம்புறதக் கேட்டுக் கேட்டே பிபி ஏறுமா?”

ஹம்சவேணி சிரிக்கவில்லை. “ஏறும். பொலம்புறவருக்கும் ஏறும், கேக்குறவருக்கும் ஏறும். உனக்குத் தாடை வலிக்குதா?”

“எப்படித் தெரியும்?”

“பேசுற நேரம் போக மீதி நேரமெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டே நிக்கிற.”

முத்திருளன் அன்று மதியமே பஸ் ஏறிப் பரவைக்குப் போய்விட்டிருந்தார். “எனக்குத்தான் வாயில்லையே, நான் எதுக்கு இங்க?” என்று வார்டு ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் மதியம், மருந்தின் அசதியில் ஒச்சம்மாள் கண்ணயர்ந்தாள். ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ரோகிணி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ம்” என்றாள் ஒச்சம்மாள்.

“என்னம்மா?”

மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும், “ம்… ம்.” நல்ல தூக்கம். அந்தத் தூக்கத்துக்குள்ளும் யாரோ அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரோகிணியின் கையில் ஆரஞ்சு கசங்கிச் சாறு முழங்கைவரை ஒழுகியது.

அந்த நேரம் பார்த்து இந்துப்ரியா வந்தாள். சிம்மக்கல்லில் பத்ரிநாத் என்பவரின் மொத்தவிலைக் கடையில் இருவரும் ஒரே மேசையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர்கள். அவள் டிபன் கேரியரைக் கீழே வைப்பதற்குள் ரோகிணி ஆரம்பித்துவிட்டாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தது, வேட்டியைத் தூக்கியது, பத்தாம் வகுப்பிலிருந்து தலைவலி, தூக்கத்தில் உம் கொட்டுவது. “இந்த மனுசன் எங்க அம்மாவத் தின்னுட்டுத்தான் அடங்குவாரு இந்து. போன மாசங்கூட என்ன பண்ணாரு தெரியுமா? கேளு…”

இந்துப்ரியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ம்” என்றாள். “ம்… ம்…”

“அப்பறம் ஒரு நாளு…”

“ம்.”

“ஏய், கேக்குறியா இல்லையா?”

கேட்ட வாயை ரோகிணி அப்படியே நிறுத்தினாள். இந்துப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்னாக் கோச்சுக்கக் கூடாது ரோகிணி. நீ வேலைக்கு வந்து ஒரு வருசம் ஆகுது. தெனம் சாப்பாட்டு நேரத்துல உங்க அப்பா கததான். எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு ஒரு நாளு கேட்டிருக்கியா? எங்க அண்ணன் ராகேஷுக்கு நிச்சயம் ஆச்சு, அதச் சொல்ல நான் நாலு நாள் வாயத் தொறந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்க அப்பா உள்ள வந்துட்டாரு. இப்பல்லாம் நீ டிபன் பாக்ஸத் தொறந்தாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. உங்க அப்பாவ நான் பாத்ததே இல்ல. ஆனா தெனம் அவரோடதான் சாப்பிடுறேன்.”

“அவரும் நானும் ஒண்ணா?”

“நான் அப்படிச் சொல்லல. இப்ப எத்தன தடவ உம் கொட்டுனேன்னு பாத்தியா? அதத்தான் சொல்றேன்.”

ரோகிணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. கோபம் குபுக்கென்று வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. “போடி” என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. டிபன் கேரியரைப் பக்கத்தில் இழுத்து, “என்ன கொழம்பு?” என்று கேட்டாள்.

“புளியோதரதான். கொழம்பெல்லாம் கெடையாது. தின்னு” என்றாள் இந்துப்ரியா.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் டிஸ்சார்ஜ். அம்மாவை எங்கே வைத்து அமைதியைக் கொடுப்பது என்பதற்கு ரோகிணிக்கு வழி புலப்படவில்லை. ஆட்டோவில் வரும்போது ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். “மாமா வீட்டுல போயிக் கொஞ்ச நாளு இருக்கியாம்மா?”

“நான் போயிட்டா அவருக்கு யாரு?” என்றாள் ஒச்சம்மாள். அதோடு பேச்சு முடிந்தது.

பரவையில் அவர்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. குறுக்கே ஒரு வேன் நின்றது. தெருவுக்குள்ளிருந்து பெண்கள் குரலெடுத்து அழும் சத்தம் வந்தது.

“யாரு வீட்டுலயோ துட்டி போல. பாவம்” என்று ஒச்சம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். “போயி ஒரு எட்டுத் தலையக் காட்டிட்டு வந்துருவோம்.”

இறங்கி நாலடி நடந்தவள் நின்றுவிட்டாள். “ஏ ரோகிணி. அது எங்க மதினி கொரலு மாதிரி இருக்கே?” காதைக் கொடுத்துக் கேட்டாள். “எம் பேரச் சொல்லியில்ல அழுகுது!”

அவர்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒச்சம்மாளின் அண்ணன் விருமாண்டி, அவர் பெண்டாட்டி சோலையம்மாள், சொந்தபந்தம் என்று ஒரு வேன் ஆட்கள். விருமாண்டியின் கையில் தட்டு. தட்டில் மாலையும், மடிப்புக் கலையாத சேலையும். உடன்பிறந்தவள் செத்துப்போனால் கடைசியாக அவள் உடம்பில் போர்த்துவதற்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடி. நடுவில், ஆட்கள் தோளைப் பிடித்துத் தேற்ற, முத்திருளன் பேசிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது ஒரு சின்னப் பெண். “ஆத்தீ!” என்று அலறினாள். விருமாண்டி திரும்பினார். தட்டு கையைவிட்டுப் போய், மாலை ஒரு பக்கம் சேலை ஒரு பக்கம் விழுந்தது. ஓடிவந்து தங்கச்சியின் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

“ஒச்சு! உசுரோடயா இருக்க?”

“நான் ஏண்ணே சாகுறேன்?”

“மாப்ள விடியக்காலையில போன் பண்ணாரே! ‘எல்லாம் போச்சு மச்சான், என்னைய அநாதையா விட்டுட்டுப் போயிட்டா, இனிமே எனக்கு யாரு இருக்கா’ன்னு அழுதாரே! அத என்னன்னு எடுத்துக்கிறது?”

எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள். அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். “ஆமா, விட்டுட்டுத்தான போனா ஆசுபத்திரிக்கு? ரெண்டு நாளாக் காப்பிக்கு வழியில்ல. அதச் சொன்னேன். ‘செத்துட்டா’ன்னா நான் சொன்னேன்? ஒங்க காதுல அப்படி விழுந்தா அதுக்கு நானா பொறுப்பு?”

ரோகிணி முன்னால் வந்தாள். “சரி, போன்லதான் வெளங்கல. இவங்க வந்து எம்புட்டு நேரமாச்சு?”

“அரை மணி நேரமிருக்கும் தாயி. ஆசுபத்திரியில இருந்து ஒடம்பு வரும்னு காத்துக் கெடக்கோம்” என்றாள் சோலையம்மாள்.

“அரை மணி நேரமா, அம்மா உசுரோட இருக்குன்னு சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணலையாப்பா?”

“எங்க சொல்ல விட்டாங்க? வந்ததும் வராததுமா ஆளாளுக்குக் கட்டிப் பிடிச்சு அழுகுறாங்க. ‘ஒங்க கஷ்டம் யாருக்கு வரும்’ங்குறாங்க. நானும் நாலு வார்த்த சொன்னேன். முதலாளி பண்ணதச் சொன்னேன். கெணத்தடி வயலச் சொன்னேன். இன்னக்கித்தான் காது குடுத்துக் கேட்டாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேன் ஆட்கள் தரையில் உட்கார்ந்து இவர் சொன்னதற்கெல்லாம் கண்ணீரோடு உம் கொட்டியிருக்கிறார்கள். அந்த அரை மணி நேரச் சுகத்துக்காகப் பெண்டாட்டியைச் சாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் மனிதர்.

இதற்குள் முத்திருளன் குனிந்து கீழே கிடந்த கோடியை எடுத்தார். மண்ணைத் தட்டினார். முந்தியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“இதென்ன மச்சான், இம்புட்டு மட்டமா எடுத்தாந்திருக்கீங்க? கஞ்சி போட்ட துணி. ஒரு தண்ணிக்குத் தாங்குமா? எங்களுக்குச் செய்யிறதுன்னா ஒங்களுக்கு எப்பவுமே எளப்பந்தான். அன்னக்கிப் பந்தியில பண்ணதத்தான் இன்னக்கிக் கோடியிலயும் பண்ணியிருக்கீங்க. போச்சு, என் மரியாதையே போச்சு. பாத்தியாடி ஒங்க அண்ணன் லட்சணத்த?”

அவரைத் தேற்றிக்கொண்டிருந்த ஆட்கள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மாள் அண்ணன் தோளில் சாய்ந்து நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. தன் பிணத்துக்கு வந்த சேலையைப் பார்த்தாள். தரம் போதாதென்று அதைத் தூக்கிக் காட்டுகிற புருஷனைப் பார்த்தாள்.

“ம்” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் ரோகிணி யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் முதலில் வாயைத் திறந்தது சோலையம்மாள்தான். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே எழுந்தாள்.

“இந்தா பாருங்கண்ணே. கோடி வந்து இறங்குன ஒடம்பு. இனி இவ இந்த வாசப்படிய மிதிக்கப்படாது. பொறந்த வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊத்தி, கொலசாமி கோயில்ல வெளக்குப் போட்டு, அப்பறந்தான் திரும்ப வரணும். இல்லேன்னா கட்டுனவனுக்குத்தான் ஆகாது.”

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். விருமாண்டி பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் கண்ணை உருட்டினாள்.

“ஆமா ஆமா. ஆகாது” என்றார் விருமாண்டி.

கட்டினவனுக்கு ஆகாது என்றதும் முத்திருளன் துண்டை இறுக்கிக்கொண்டார். “எம்புட்டு நாளைக்கு?”

“மூணு மாசம்.”

“மூணு மாசமா! என்ன தங்கச்சி, அநியாயமா இருக்கு?”

“எங்க அம்மா ஊருல ஒரு வருசம்ணே. நான் கொறச்சுச் சொல்லியிருக்கேன்.”

கூட்டத்தில் யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். ஒச்சம்மாள், “மதினி, அவருக்குச் சோறு…” என்று இழுத்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை வேனில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்.

ரோகிணி வீட்டுக்குள் போனாள். அம்மாவின் சேலைகளை ஒரு பையில் அடைத்தாள். மாத்திரைச் சீட்டை மேலே வைத்தாள். பிறகு கொடியிலிருந்து தன் சுடிதார்களை இழுத்து இன்னொரு பையில் திணித்தாள். டிகிரி சர்டிபிகேட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள். கை ஒரு இடத்திலும் நின்று யோசிக்கவில்லை.

முத்திருளன் பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டாவது பையை அவர் பார்க்கவேயில்லை.

“போறா பாரு ஒங்க அம்மா. ஒரு வார்த்த ‘வேணாம்’னு சொன்னாளா? சரி விடு, நீ இருக்கேல்ல. நீ படிச்ச புள்ள, ஒனக்குச் சொன்னாப் புரியும். அந்த மொதலாளிப் பய இருக்கானே, அன்னக்கி என்ன பண்ணான்னா…”

சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தன. அரை மணி நேரக் கணக்கு, எட்டு வருஷத் தலைவலி, டாக்டர் அறையில் தூக்கிய வேட்டி. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆரம்பித்தால் சாயங்காலம்வரை போகும். ராத்திரி இன்னும் நீளும். நாளைக்கு இந்துப்ரியாவிடம் மிச்சம். முழுங்கினாள். தாடை வலித்தது.

“முக்கு மெஸ்ஸுல சொல்லிட்டுப் போறேம்ப்பா. மூணு வேளையும் சாப்பாடு வரும். காப்பியும் வரும். மாத்திர பொட்டி மேல மாத்திரய எப்ப எப்பப் போடணும்னு எழுதி ஒட்டியிருக்கேன்.”

“அது கெடக்கட்டும். நீ எங்க போற?”

“சிம்மக்கல்லுல, கடைக்குப் பக்கத்துல இருக்கிற லேடீஸ் ஹாஸ்டலுக்கு.”

“எப்ப வருவ?”

“ஒங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்னா வருவேன். பேசுறதுக்கு வர மாட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு, இதுவும் ஒரு பிராதுதான் என்பது பிடிபட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “போச்சு” என்றார். “பெத்த புள்ளையும் போச்சு. கேளு, நான் ஒன்னைய எப்படியெல்லாம்…”

ரோகிணி இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்றை வேன் ஜன்னல் வழியாக அம்மாவின் மடியில் வைத்தாள். “தூங்கு” என்றாள். ஒச்சம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். வேன் கிளம்பிவிட்டது.

உள்ளே பேச்சுச் சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது. ரோகிணி செருப்பை மாட்டி, மெஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.